லண்டன்–பிரைட்டன் பழங்கார் ஓட்டம்: காரின் வயதைக் கண்டறிதலும் காத்தலும்

லண்டன்–பிரைட்டன் பழங்கார் ஓட்டம் என்பது இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறும் பழைய கார்களின் பயணம் ஆகும். லண்டன் ஹைடு பார்க்கில் சூரியன் எழும் நேரத்தில் கார்கள் புறப்படும். தெற்கே ஏறத்தாழ 60 மைல் (96 கி.மீ.) தொலைவிலுள்ள கடற்கரை நகரமான பிரைட்டனில் பயணம் முடிவடையும். 1904 டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் கட்டப்பட்ட கார்கள் மட்டுமே இதில் கலந்துகொள்ளலாம். உலகில் இன்றும் தொடர்ந்து நடந்துவரும் கார் நிகழ்ச்சிகளில் மிகப் பழமையானது இதுவே என்று கூறப்படுகிறது.

இது பந்தயம் அன்று. முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. சராசரி வேகம் மணிக்கு 20 மைலைத் தாண்டக்கூடாது என்பது விதி. மாலை 4.30 மணிக்குள் வந்துசேரும் ஒவ்வொரு வண்டிக்கும் பதக்கம் உண்டு. ஆயினும் இந்த எளிய பயணம்தான் பழைய கார்களின் வயதைக் கண்டறியும் கலைக்கும், அவற்றைக் காயலான் கடையிலிருந்து மீட்டுக் காக்கும் பழக்கத்துக்கும் வித்திட்டது.

சிவப்புக் கொடிச் சட்டம்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் சாலைகளில் நீராவி இழுவை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றின் எடையும் புகையும் சத்தமும் குதிரைகளை மிரளச் செய்தன. இதைக் கட்டுப்படுத்த 1865-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்பதே வேக வரம்பு. வண்டியை நடத்த மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவர் சிவப்புக் கொடியை ஏந்தி வண்டிக்கு 60 கஜம் முன்னால் நடந்து செல்ல வேண்டும். இதனாலேயே இது 'சிவப்புக் கொடிச் சட்டம்' எனப் பெயர் பெற்றது.

1896 வரை எல்லா வண்டிகளுக்கு முன்னும் கொடி பிடித்து ஒருவர் நடந்தார் என்று பல நூல்களில் காணப்படுகிறது. இது முழுமையான செய்தி அன்று. 1878-இல் செய்யப்பட்ட திருத்தம் கொடி பிடிக்க வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயத்தை நீக்கிவிட்டது. முன்னால் நடப்பவருக்கான தூரத்தையும் 20 கஜமாகக் குறைத்தது. ஆனால் ஒருவர் முன்னால் நடக்க வேண்டும் என்பதும் 4 மைல் வரம்பும் அப்படியே நீடித்தன. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் தம் மூன்று சக்கரக் காருக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் 1894-இல் பாரிசிலிருந்து ருவான் நகருக்குக் கார்கள் போட்டியிட்டு ஓடின. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒருவர் கார் வாங்கினால், அதை மனிதனின் நடை வேகத்தில்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்தை மீறியே சிலர் அதை எதிர்த்தனர். எவ்லின் எல்லிஸ் என்பவர் பிரான்சிலிருந்து தருவித்த பானார் காரை 1895 ஜூலையில் மிக்கெல்டெவர் ரயில் நிலையத்திலிருந்து டாட்செட் வரை 56 மைல் ஓட்டிச் சென்றார். அதே ஆண்டு அக்டோபரில் சர் டேவிட் சாலமன்ஸ், டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் கார் கண்காட்சி ஒன்றை நடத்தினார். இங்கிலாந்தின் முதல் கார் கண்காட்சி அதுவே. இவற்றின் பயனாக 1896-இல் புதிய சட்டம் நிறைவேறியது. 3 டன்னுக்குக் குறைவான எடையுள்ள வண்டிகளுக்குப் பழைய கட்டுப்பாடுகள் நீங்கின. வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது. நடைமுறையில் அதை அதிகாரிகள் 12 மைலாகக் குறைத்து வைத்தனர். 1896 நவம்பர் 14, சனிக்கிழமை அன்று இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது.

1896: விடுதலை ஓட்டம்

சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில் ஹாரி லாசன் என்பவரின் மோட்டார் கார் கிளப், லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒரு பயணத்தை ஏற்பாடு செய்தது. இதுவே 'விடுதலை ஓட்டம்' எனப்பட்டது. காலை உணவின்போது வின்சில்சி பிரபு சிவப்புக் கொடி ஒன்றை இரண்டாகக் கிழித்து ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். மழையிலும் சேற்றிலும் ஏறத்தாழ முப்பது வண்டிகள் புறப்பட்டன. அவற்றில் பாதியளவே பிரைட்டன் சேர்ந்தன. பிரெஞ்சு நாட்டு லியோன் பொல்லே மூன்று சக்கர வண்டிகள் முதலில் வந்தடைந்தன.

லாசன் மிதிவண்டித் தொழிலிலிருந்து வந்தவர். கார் காப்புரிமைகளை விலைக்கு வாங்கிக் குவித்து, அத்தொழில் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவர முயன்றார். பிரைட்டன் பயணம் அவருக்கு ஒரு விளம்பரமும் ஆகும். பிற்காலத்தில் வேறொரு நிறுவனத்தின் பங்குகள் தொடர்பான மோசடி வழக்கில் அவர் சிறைத் தண்டனை பெற்றார்.

அன்று வந்துசேர்ந்த வண்டிகளைப் பற்றி ஒரு கதை இன்றும் வழங்கிவருகிறது. மின்கலத்தில் ஓடும் வண்டி ஒன்று ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டதாம்; பிரைட்டன் அருகே இறக்கி, சாலையில் வந்ததுபோல் சேற்றை வாரிப் பூசி அணிவகுப்பில் சேர்த்தார்களாம். அக்கால மின்கலங்களால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்பதே இக்கதைக்கு அடிப்படை. இது உண்மையா என்பதை உறுதிசெய்ய வழியில்லை. ஆனால் ஒரு பழைய வண்டி தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பலாமா என்ற கேள்வி முதல் நாளிலேயே எழுந்துவிட்டது என்பதை இக்கதை காட்டுகிறது. பின்னாளில் இந்த ஓட்டத்தின் வரலாறு முழுவதிலும் இக்கேள்வியே திரும்பத் திரும்ப வருகிறது.

முப்பது ஆண்டு மறதி

1900-க்குப் பின் கார்த் தொழில் மிக விரைவாக வளர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய காரே கேலிக்குரிய பொருளாயிற்று. பல கார்களின் எஞ்சின்கள் கழற்றப்பட்டுப் பண்ணைகளில் மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும் பயன்பட்டன. சிலவற்றின் பின்பகுதியை வெட்டிச் சரக்கு வண்டி ஆக்கினர். முதல் உலகப் போர்க்காலத்தில் உலோகத்தின் தேவை கூடியதால் மேலும் பல கார்கள் உருக்குலைக்குச் சென்றன. எஞ்சியவை வைக்கோல் கொட்டகைகளிலும் லாயங்களிலும் துருப்பிடித்துக் கிடந்தன.

1927-இல் டெய்லி ஸ்கெட்ச் நாளிதழின் ஆதரவில் 1896 பயணத்தை நினைவுகூரும் ஓட்டம் ஒன்று நடத்தப்பட்டது. பார்க்க வந்தவர்களில் பலர் சிரிப்பதற்காகவே வந்தனர். 'கிழட்டு வண்டிகளின் ஓட்டம்' என்ற பட்டப்பெயரும் அப்போது வழங்கியது. ஆனால் சிரிக்க வந்தவர்களே, தம் ஊரில் எந்தக் கொட்டகையில் எந்த வண்டி கிடக்கிறது என்பதைத் தேடத் தொடங்கினர். 1930 முதல் ராயல் ஆட்டோமொபைல் கிளப் இந்த ஓட்டத்தின் பொறுப்பை ஏற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும், பெட்ரோல் பங்கீடு இருந்த 1947-இலும், பெருந்தொற்றுக் காலமான 2020-இலும் மட்டுமே ஓட்டம் நடைபெறவில்லை.

சங்கம் பிறந்த கதை

1930-ஆம் ஆண்டு ஓட்டம் முடிந்தபின், பிரைட்டனிலுள்ள ஓல்டு ஷிப் விடுதியில் கூடிய ஆர்வலர்கள், பழங்கார்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்க முடிவு செய்தனர். பிரிட்டனின் வெட்டரன் கார் கிளப் இவ்வாறு உருவாயிற்று. தொடங்கியவர்களுள் ஒருவர் எஸ்.சி.எச். டேவிஸ். 1927 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் பென்ட்லி காரில் வென்றவர் இவர். மிக வேகமாக ஓட்டத் தெரிந்த ஒருவரே மிக மெதுவான கார்களைக் காக்கவும் முன்வந்தார்.

அடுத்து 1934-இல் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் தொடங்கப்பட்டது. இவ்விரு சங்கங்களின் வழக்கிலிருந்து பழைய கார்களுக்கான காலப் பாகுபாடு உருவாயிற்று. அது வருமாறு:

வெட்டரன்: 1904 முடிய கட்டப்பட்டவை.
எட்வர்டியன்: 1905 முதல் 1918 முடிய.
விண்டேஜ்: 1919 முதல் 1930 முடிய.
அதன் பின், 1940 வரையிலான தரமான கார்களுக்குத் தனி வகை.

பேச்சு வழக்கில் எல்லாப் பழைய கார்களையும் 'விண்டேஜ்' என்று சொல்லிவிடுகின்றனர். இந்தியாவில் 1940-க்கு முற்பட்டவற்றை விண்டேஜ் என்றும், அதன் பின் வந்தவற்றைக் கிளாசிக் என்றும் குறிப்பது பெருவழக்கு. அம்பாசடர், பியட் போன்ற கார்கள் இவ்வகையில் கிளாசிக் ஆகும்.

1904 என்னும் எல்லைக்கோடு

பிரைட்டன் ஓட்டத்தில் 1904 டிசம்பர் 31 என்பது வெறும் தேதி அன்று. 1904-இல் கட்டப்பட்ட கார் ஓட்டத்தில் கலந்துகொள்ளலாம். 1905-இல் அதே தொழிற்சாலையில் அதே அச்சில் கட்டப்பட்ட கார் கலந்துகொள்ள முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால் ஏலத்தில் முதல் காரின் விலை இரண்டாவதைவிட வெகுவாக உயர்ந்து நிற்கும். சில மாத வேறுபாடு இவ்வளவு பெரிய விலை வேறுபாட்டை உண்டாக்கும்போது, காரின் வயதைக் கூட்டிச் சொல்லும் ஆசையும் தோன்றுவது இயல்பே.

இதைத் தடுக்கவே வெட்டரன் கார் கிளப், வயதைக் கண்டறிவதற்கென்று ஒரு குழுவை வைத்துள்ளது. குழு ஒவ்வொரு காரையும் ஆராய்ந்து, அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் சான்றிதழ் வழங்குகிறது. புதிய சான்று கிடைத்தால் பழைய முடிவு மாற்றவும் படலாம். அவ்வாறு பல ஆண்டுகள் ஓட்டத்தில் கலந்துகொண்ட காரின் வயது பின்னர் 1905 அல்லது 1906 என்று திருத்தப்பட்டால், உரிமையாளருக்கு அது பெரும் இழப்பு. எனினும் உண்மையை விட்டுக்கொடுத்தால் ஓட்டத்துக்கே பொருளில்லாமல் போய்விடும் என்பதால் இம்முறை தொடர்கிறது.

இதில் பெரிய இடர்ப்பாடு ஆவணம் இல்லாமையே. பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகே கார்களுக்குப் பதிவு எண் கட்டாயமாயிற்று. ஆகவே அதற்கு முன் கட்டப்பட்ட காருக்குப் பிறப்புச் சான்றிதழ் போன்ற எதுவும் கிடையாது. 1900-இல் செய்த காரும் 1904-இல்தான் எண் பெற்றது. எனவே பதிவு எண்ணை மட்டும் வைத்து வயதைச் சொல்ல இயலாது.

வயதைக் கண்டறியும் முறை

ஆவணம் இல்லாதபோது வண்டியே ஆவணமாகிறது. கல்வெட்டில் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிப்பது போல, இயந்திர உறுப்புகளின் வடிவத்தைக் கொண்டு காரின் காலத்தைக் கணிக்கின்றனர். முக்கியமாகப் பார்க்கப்படும் உறுப்புகள் சில:

தீமூட்டும் முறை. தொடக்கக் காலக் கார்களில் எஞ்சினுக்கு வெளியே விளக்குச் சுடரால் பழுக்கக் காய்ச்சிய ஒரு சிறு குழாய், பெட்ரோல் ஆவியைப் பற்றவைத்தது. பின்னர் மின்கலமும் சுருளும் கொண்ட முறை பரவியது. அதன்பின் மேக்னட்டோ என்னும் காந்த மின்னாக்கி வந்தது. சூடேற்றிய குழாய் உள்ள கார் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உள்வாங்கு வால்வு. முதலில் பிஸ்டன் கீழிறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலாலேயே இவ்வால்வு தானாகத் திறந்தது. பின்னர் எஞ்சினே தண்டின் மூலம் திறந்து மூடும் அமைப்பு வந்தது. 1900-க்குப் பின்னான சில ஆண்டுகளில் இம்மாற்றம் நிகழ்ந்தது.

ரேடியேட்டர். பழைய கார்களில் வளைத்து வளைத்து ஓடும் குழாய்களே நீரைக் குளிர்வித்தன. தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வில்ஹெல்ம் மைபாக் 1901-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காரில் கொண்டுவந்தார். அதன் பின் மற்றவர்களும் அதைப் பின்பற்றினர். ஆகவே 1899 என்று சொல்லப்படும் காரில் தேன்கூட்டு ரேடியேட்டர் இருந்தால், ஒன்று ஆண்டு தவறு. அல்லது ரேடியேட்டர் பின்னால் பொருத்தப்பட்டது.

அடிச்சட்டம். மரச்சட்டத்தில் இரும்புப் பட்டை அடித்துச் செய்யப்பட்ட அடிச்சட்டம் பழையது. அழுத்தி வடிவமைத்த எஃகுச் சட்டம் அதற்குப் பிந்தியது.

திசைமாற்றி. படகின் சுக்கான் போன்ற கைப்பிடி முதலில் இருந்தது. வட்டச் சக்கரம் 1894 முதல் தோன்றிப் படிப்படியாகப் பரவியது. ஆனால் இதை மட்டும் நம்பினால் தவறு நேரும். அமெரிக்காவின் வளைமுகப்பு ஓல்ட்ஸ்மொபைல் 1904-இலும் கைப்பிடியுடனேயே விற்பனையாயிற்று.

சக்கரத்துக்கு ஆற்றல் செல்லும் வழி. பல கார்களில் மிதிவண்டி போலச் சங்கிலியே பின்சக்கரத்தைச் சுழற்றியது. ரெனோ நிறுவனம் 1898 முதலே தண்டு வழியாக ஆற்றலைச் செலுத்தியது. எனவே சங்கிலி பழையது, தண்டு புதியது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நிறுவனத்தின் வழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வாறு ஒரு உறுப்பு மட்டும் சாட்சி ஆகாது. பல உறுப்புகள் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். அவற்றுடன் அடிச்சட்ட எண், எஞ்சின் எண், பித்தளைப் பெயர்த்தகடு, அக்கால விலைப்பட்டியல், காப்புரிமைப் பதிவு, பழைய நிழற்படம் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். எஞ்சினில் உள்ள பெயரே காரின் பெயர் என்றும் கொள்ளக்கூடாது. பிரான்சின் டி டியோன்-பூத்தோன் நிறுவனம் தன் எஞ்சின்களை வேறு பல கார் நிறுவனங்களுக்கு விற்றது. வண்டி ஒருவருடையது, எஞ்சின் மற்றொருவருடையது என்பது அக்காலத்தில் இயல்பு.

பழகிய கண்ணுக்கு வேறு சில அடையாளங்களும் தென்படும். பயன்படாத ஆணித் துளை, பலமுறை அடித்த பெயின்ட்டின் அடுக்குகள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த மிதி, கையால் அறுத்த மரையாணி ஆகியவை வண்டி எவ்வாறு வாழ்ந்தது என்பதைச் சொல்லும். இவற்றைத் தேய்த்து மெருகிட்டு மறைத்துவிட்டால் அச்சாட்சி என்றென்றைக்கும் அழிந்துபோகும்.

ஜெனிவீவ் திரைப்படம்

பழைய கார்களின்மீது பொதுமக்களுக்கு இருந்த எண்ணத்தை மாற்றியதில் 1953-இல் வெளியான 'ஜெனிவீவ்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஹென்றி கார்னீலியஸ் இயக்கிய இந்த நகைச்சுவைப் படம் பிரைட்டன் ஓட்டத்தைக் களமாகக் கொண்டது. ஓட்டத்தில் கலந்துகொள்ளும் நண்பர்கள் இருவர், திரும்பும் வழியில் யார் முதலில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை அடைவது என்று பந்தயம் கட்டுவதே கதை. ஜெனிவீவ் என்பது கதாநாயகியின் பெயர் அன்று. கதாநாயகன் ஓட்டும் 1904-ஆம் ஆண்டு டராக் காரின் பெயர்.

படம் வெற்றி பெற்றபின் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏளனத்துக்கு உரியவர்கள் என்ற நிலை மாறியது. சங்கங்களில் உறுப்பினர்கள் பெருகினர். கொட்டகைகளில் கிடந்த வண்டிகளைத் தேடி மக்கள் அலைந்தனர். அதே சமயம் விலையும் ஏறியது; போலிகளும் தோன்றின. படத்தில் நடித்த டராக் கார் பல ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு ஐரோப்பா திரும்பியது. இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள லோமன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

காப்பதா, புதுப்பிப்பதா?

பழைய கார் ஒன்று கிடைத்தவுடன் உரிமையாளர் முன் இரண்டு வழிகள் தோன்றும். துருவை நீக்கி, புதிய பெயின்ட் அடித்து, புதிய தோல் இருக்கை போட்டுப் பளபளப்பாக்குவது ஒரு வழி. கிடைத்த நிலையிலேயே வைத்து, மேலும் கெடாமல் காப்பது மற்றொரு வழி. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முதல் வழியே போற்றப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிட அதிகப் பளபளப்புடன் பல கார்கள் அணிவகுத்தன. இந்தப் பளபளப்பில் எத்தனையோ முதல் பெயின்ட்டும், முதல் மரவேலையும், முதல் தோலும் குப்பைக்குப் போயின.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான 'ஃபிவா' 1966-இல் தொடங்கப்பட்டது. குறைந்தது 30 ஆண்டு வயதுடைய, வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் காக்கப்படும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தப்படாத வண்டியையே அது வரலாற்று வண்டி என்று வரையறுக்கிறது. பழைய கட்டடங்களைக் காப்பதற்கு 1964-இல் வெனிஸ் சாசனம் உருவானது போல, வண்டிகளுக்கென்று டூரின் சாசனத்தை இக்கூட்டமைப்பு 2012-இல் ஏற்றுக்கொண்டது. இருப்பதை மாற்றாமல் காப்பதற்கே முதலிடம். இழந்ததை மீட்டமைப்பது அடுத்த நிலை. செய்த வேலை அனைத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்பன அதன் சாரம்.

வண்டியை ஓட்டுவதும் காப்பின் ஒரு பகுதியே என்பதை இச்சாசனம் ஏற்கிறது. கோயில் மணியை அடிக்காமல் பெட்டியில் பூட்டிவைத்தால் உலோகம் இருக்கும், ஓசை இருக்காது. காரும் அப்படியே. ஓடாமல் நின்ற காரில் பிஸ்டன் இறுகும், பெட்ரோல் கசடாகும், தோல் வெடிக்கும். அதைவிட முக்கியமாக, அதை ஓட்டும் திறமை மறைந்துபோகும். டி டியோன் காரின் கியரை மாற்றுவது எப்படி, எண்ணெயைக் கையால் எப்போது எவ்வளவு செலுத்துவது, குளிர்ந்த எஞ்சினைக் கைப்பிடி சுழற்றிக் கிளப்பும்போது கட்டைவிரலை எங்கே வைப்பது என்பவை நூலில் படித்து வருவன அல்ல. எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும். ஆகவே கட்டைவிரலை மற்ற விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதை மூத்தவர் இளையவருக்குக் கையைப் பிடித்துத்தான் காட்டுகிறார்.

ஓட்டத்தால் தேய்மானமும் உண்டு. அச்சு முறியலாம், மரச் சக்கரம் உடையலாம், இன்றைய வண்டிகள் மோதலாம். பழைய கார்களின் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். மழையில் அதுவும் வழுக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், பழைய எரிபொருள் குழாய்களின் ரப்பரையும் சில உலோகங்களையும் அரிக்கக்கூடும். பயன்படுத்தினால் தேயும், பயன்படுத்தாவிட்டால் மறக்கும் என்ற இந்த இக்கட்டுக்கு முழுத் தீர்வு இல்லை. ஆண்டில் சில நாள், குறைந்த வேகத்தில், ஆயத்தத்துடன் ஓட்டுவதே உடன்பாடான வழியாக நிலைத்திருக்கிறது.

ஓட்ட நாள்

விடியும் முன்பே ஹைடு பார்க்கில் கார்கள் வரிசையாக நிற்கும். நிலக்கரிப் புகை, பெட்ரோல் வாடை, பித்தளை விளக்குகள், கம்பளி போர்த்திய பயணிகள் எனக் காட்சி விரியும். 1896-இன் நினைவாகச் சிவப்புக் கொடி கிழிக்கப்படும். வயதில் மூத்த வண்டிகள் முதலில் புறப்படும். நானூறு அளவில் கார்கள் கலந்துகொள்வதுண்டு. டி டியோன்-பூத்தோன், பானார், ரெனோ, டராக், உல்ஸ்லி, ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் முதலிய பெயர்கள் அதிகம் தென்படும். பெட்ரோல் கார்களுடன் நீராவிக் கார்களும் மின்கலக் கார்களும் வரும்.

பெரும்பாலான கார்களுக்குக் கூரையோ முன்கண்ணாடியோ கிடையாது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். வழியில் கார்கள் நின்று இளைப்பாறும். ஊர்தோறும் மக்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்ப்பார்கள். பழுதாகி நின்ற வண்டிக்குத் தெரியாதவரும் திருப்புளி எடுத்துவந்து உதவுவார். காரை நெருங்கிப் பார்க்கவும், ஓட்டுநரிடம் கேட்டறியவும் கட்டணம் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்கள் பின்னாளில் மெக்கானிக்குகளாகவும் உரிமையாளர்களாகவும் வயதறி குழுவினராகவும் ஆவது இவ்வழியே.

இந்தியாவில்

இந்தியாவில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964-இல் டெல்லியில் பழங்கார் அணிவகுப்பைத் தொடங்கியது. பின்னர் கல்கத்தாவிலும் அது நடைபெற்றது. சமஸ்தான மன்னர்களின் ரோல்ஸ் ராய்ஸ்களோடு, சாதாரணக் குடும்பங்கள் பாதுகாத்த ஆஸ்டின், மோரிஸ், போர்டு கார்களும் அதில் ஓடின. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்திலுள்ள ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டி இந்த அணிவகுப்பில் புகழ்பெற்றது. 1914-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு நிஜாம் ரயில்வேயில் பணியாற்றிய இவ்வண்டிக்குத் திண்ம ரப்பர்ச் சக்கரங்கள் உள்ளன. அருங்காட்சியகப் பொருளாக இருந்தும் ஓடும் நிலையிலேயே அது வைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டுக்கும் இத்துறையில் ஒரு முன்வரலாறு உண்டு. சென்னை சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் இது எனப்படுகிறது. ஆண்டை மட்டும் பார்த்தால் பிரைட்டன் ஓட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடிய வண்டி அது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் பல நாட்டுப் பழைய கார்களைப் பார்வைக்கு வைத்துள்ளது.

2021 ஜூலையில் நடுவண் அரசு பழங்கார் பதிவுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அடிச்சட்டம், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதில் அடங்கும். பதிவு எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் கூடாது.

'பெரிய மாற்றம் செய்யப்படாத' என்ற சொற்களே இவ்விதியின் உயிர். இந்தியாவில் உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் பல பழைய கார்களுக்கு அம்பாசடர் எஞ்சினோ டீசல் எஞ்சினோ பொருத்தப்பட்டது. வண்டியை ஓடவைத்துக் காப்பாற்றியது அந்த மாற்றமே. ஆனால் அதே மாற்றம் இன்று அதன் உண்மைத்தன்மைக்கு இடையூறாக நிற்கிறது. இத்தகைய கார் வைத்திருப்பவர்கள் கழற்றிய பழைய எஞ்சினையும் பாகங்களையும் எடைக்குப் போடாமல் வைத்திருப்பது நல்லது. ஆர்.சி. புத்தகம், வரி ரசீது, பட்டறை பில், குடும்ப நிழற்படம் ஆகியவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். திருமண ஊர்வலத்தில் கார் முன் நின்று எடுத்த படம் ஒன்று, அக்காரின் பதிவு எண்ணையும் விளக்கின் வடிவத்தையும் காட்டிச் சான்றாக நிற்கக்கூடும்.

1896-இல் பிரைட்டன் சென்ற வண்டிகள் புதியவை. அவற்றின் வயதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் எவரும் எழுதியும் வைக்கவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் மரையாணியையும் பெயின்ட் அடுக்கையும் பார்த்து வயதைத் தேட வேண்டி வந்ததற்கு அதுவே காரணம். இன்று சாதாரணமாகச் சாலையில் ஓடும் கார்களுக்கும் ஒரு நாள் அந்த வயது வரும். அப்போது அவற்றைக் காக்க நினைப்பவர்களுக்குத் தேவைப்படும் சான்றுகள் இன்றைய வீட்டு அலமாரிகளிலும் பட்டறைப் பில் புத்தகங்களிலும்தான் இருக்கின்றன.